பேசாத டெர்மினல்

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் பேச்சுமூச்சில்லை. ஹெட்போனைக் கழற்றி மாட்டினேன், ஒலியைக் கூட்டினேன், ம்ஹூம். கண் தெரியாத எனக்குத் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் குரல் அது. மதியத்துக்குள் மொழிபெயர்ப்பை முடித்து அனுப்ப வேண்டும். புது அலுவலகம், முதல் வேலை. தவறினால் அடுத்தது வராது.

கணவரைக் கூப்பிட்டேன். வந்த காலடி கதவருகிலேயே நின்றுவிட்டது. ஆள் மாட்டிக்கொண்டது அந்த நிற்பிலேயே தெரிந்தது. மெஷின் மந்தமாக இருக்கிறது என்று நேற்று நான் புலம்பினேனாம். அதனால் நான் குளிக்கப் போன நேரத்தில் எழுத்தில் கட்டளையிடும் டெர்மினலைத் திறந்து, தேவையில்லாத மென்பொருள் பேக்கேஜ்களை நீக்கும் கமாண்டை அடித்தாராம். நீக்கட்டுமா என்று அது கேட்டதற்கு, என்ன ஏது என்று வாசிக்காமலேயே சரியென்று ஒரு தட்டு. அந்தக் குரல் நான் தனியாகக் கேட்டு நிறுவியதில்லை. பழைய புத்தக வாசிப்பான் புரோகிராம் ஒன்றோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வாசிப்பானை எப்போதோ நீக்கிவிட்டேன். குரலுக்கு நாதியில்லை என்று முடிவுகட்டி, கம்ப்யூட்டர் அதையும் வாரிக்கொண்டு போய்விட்டது.

வீட்டில் ஒரு ஸ்பூனைக்கூட இடம் மாற்றாத மனுஷன். கம்ப்யூட்டருக்குள்ளும் நான் தடவித்தான் நடக்கிறேன் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. கத்தித் தீர்த்திருப்பேன், நேரமில்லை.

"உக்காருங்க. இப்ப நீங்கதான் எனக்குக் கண்ணு. வர்றத அப்படியே வாசிங்க."

குரலை மறுபடி நிறுவும் கமாண்ட் என் விரல்களுக்கு மனப்பாடம். பாஸ்வேர்டை அடிக்கும்போது திரையில் ஒன்றுமே தெரியவில்லை என்றார். டெர்மினல் பாஸ்வேர்டை யாருக்கும் காட்டாது. அந்த ஓர் இடத்தில் எல்லோரும் என்னைப்போலத்தான் என்று நினைத்ததும் கோபம் கொஞ்சம் இறங்கியது. அவர் கமா, புள்ளியைக்கூட விடாமல் வாசித்தார். பேக்கேஜ் பெயர்களில் நாக்கு குழறியது.

"தொடரவான்னு கேக்குது. நான் எதையும் தொடல."

நானே தட்டினேன். இறங்கி முடிந்தது என்று அவர் சொன்னதும் ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, அந்தக் குரலில் பேசும் திரைவாசிப்பானை மறுபடி கிளப்பினேன். ஒன்றுமில்லை. சட்டென்று ஸ்பீக்கரில் குரல் கொட்டியது, வேறு யாருக்கும் பிடிபடாத அதே வேகத்தில். அப்பாடா! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இது எனக்கு வேண்டியது, இனி தொடாதே என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைக்க ஒரு கமாண்ட் உண்டு. முதல் வேலையாக அதை அடித்தேன்.

மொழிபெயர்ப்பைத் திறந்தேன். அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. குரலைத் துரத்திக்கொண்டு, மூச்சிரைக்க, திரையில் இருந்ததை வார்த்தை வார்த்தையாக வாசித்துக்கொண்டே இருந்தார். நான் நிறுத்தச் சொல்லவில்லை.