கீழே லத்தீன் எழுதிய படம்

பெரியநாயகத்துக்குச் சுவர் காலியாக இருந்தால் சோறு இறங்காது. திண்டிவனத்தில் இருந்த துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறியதும், பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. நாற்காலி வாங்கப் போன மனுஷன், கில்ட் சட்டம் போட்ட நாலு படங்களைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். நாற்காலி எங்கே என்று கேட்ட மனைவி அமலோற்பவமேரிக்கு, "சொவுருக்கு ஒரு லட்சணம் வேணாமா?" என்பதுதான் பதில்.

நாலு படத்திலும் ஏறக்குறைய ஒரே சங்கதி. மேலே இளஞ்சிவப்பில் ஒரு குடை. அதன் அடியிலிருந்து சிவப்புச் சிவப்பாய் நீண்டு தொங்கும் இழைகள். பூவா, விளக்கா, துரைசானியின் தொப்பியா என்று தெருவே வந்து பார்த்துக் குழம்பியது. கடைசியில் கோயில் உபதேசியார் ஞானராஜ் வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தின் அடியிலிருந்த எழுத்தைக் கூட்டிப் படித்தார். அர்த்தம் அவருக்கும் விளங்கவில்லை. ஆனால் பூசையில் கேட்டுப் பழகிய காதாயிற்றே!

"லத்தீனுங்க இது," என்றார்.

லத்தீன் என்றால் சாமியார் பூசை வைக்கிற பாஷை. வேறு எதற்கு அதை எழுதப் போகிறார்கள்? வானத்திலிருந்து நெருப்பு நாக்குகளாய் இறங்கிய இஸ்பிரீத்து சாந்துவின், அதாவது பரிசுத்த ஆவியின், படம்தான் என்று உபதேசியாரே தீர்த்துச் சொல்லிவிட்டார். அமலோற்பவமேரிக்கு உடம்பு சிலிர்த்தது. இருப்பதிலேயே பெரிய படம் அன்றைக்கே மாதா படத்துக்குப் பக்கத்தில் ஏறியது.

அப்புறம் உலகச் சண்டை வந்தது. ஒரே மகன் சவுரிராயன், அவள் அழ அழ, கப்பலில் கரி தள்ளும் வேலைக்குப் போனான். கப்பலைக் குண்டு போட்டு முழுக்கிவிட்டார்கள் என்று மட்டும் ஒருநாள் சேதி வந்தது. ஆள் இருக்கிறானா இல்லையா என்று சொல்வார் இல்லை. அவன் திரும்பி வந்து இந்த வீட்டில் காலெடுத்து வைக்கவேண்டும், அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. வீட்டுவிளக்குக்கு மண்ணெண்ணெய் கிடைக்காத நாளிலும் படத்துக்கு மெழுகுவத்தி தவறவில்லை.

வந்தேவிட்டான். ஒரு மத்தியானம் ரயிலடியிலிருந்து நடந்தே வந்து வாசலில் நின்றான். ஆள் பாதியாய்க் கரைந்திருந்தான். அவள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுது, கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

ஓரடி வைத்தவன் சுவரைப் பார்த்தான். அவன் போட்ட கூச்சலில் பெரியநாயகம் கொல்லையிலிருந்து ஓடிவந்தார். அதற்குள் அவன் தெருவுக்கே போய்விட்டான்.

"அத எடுங்க! மொதல்ல அத எடுங்க!"

"டேய், இஸ்பிரீத்து சாந்துடா அது," என்றார் பெரியநாயகம்.

"சொறிப்பா அது! கடல்ல கொடையாட்டம் மெதக்கற சொறிமீனு. ஒடம்புல பட்டா நெருப்பாட்டம் எரியும்."

சட்டையைக் கழற்றித் திரும்பினான். முதுகு முழுக்கச் சாட்டையடி பட்டமாதிரி வரி வரியாய்த் தழும்பு.

"கப்பல் முழுகினதும் நானும் ராயப்பன்னு ஒருத்தனும் பலகையப் புடிச்சிக்கினு கெடந்தோம். விடிஞ்சி பாத்தா சுத்திலும் இதுங்கதான். அவன் எரிச்சல் தாங்காம கத்திக்கினே கைய உட்டுட்டான்."

கடல் பிராணிக்கும் சீமைக்காரர்கள் லத்தீனில்தான் பேர் எழுதுவார்கள் என்று உபதேசியாருக்குத் தெரியாமல் போயிற்று. பெரியநாயகம் படத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கொல்லையில் எறிந்தார். மற்ற மூன்றையும் கழற்றினார். அமலோற்பவமேரி நின்ற இடத்திலேயே நின்றாள். படம் இருந்த இடத்துக்குக் கீழே மாடப்பலகையில் மெழுகு உருகி உறைந்து கிடந்ததை மகன் பார்த்துவிட்டான்.

"இதுக்காம்மா மெழுகுவத்தி வச்சே?"

தலையை ஆட்டினாள்.

"என்னன்னு வேண்டிக்கினே?"

ஏதாவது பொய் சொல்லித் தொலைக்கலாம். வாய்க்கு வரவில்லை.

"எம்புள்ளயத் தொட்டுக்கினே இரு, ஒரு நிமிஷங்கூட உட்டுடாதேன்னு... தெனமும்..."

சவுரிராயன் சட்டையை மாட்டிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே உள்ளே வந்து உட்கார்ந்தான். சாப்பிட எழுப்ப அவன் தோளைத் தொடப்போன கையை அவள் பாதியிலேயே இழுத்துக்கொண்டாள்.