அந்த நாவலுக்கு இரண்டு மார்க்

துணி அலமாரிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு பேசுகிறவளைப் பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். தொங்குகிற துணிகளுக்கு நடுவே பேசினால் தெருச் சத்தம் விழாது, குரல் சுத்தமாகப் பதிவாகும். வாரம் முழுக்க ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி பிடிக்கிறவளுக்கு ஞாயிறு மதியம்தான் வாய் திறக்க நேரம். பெண்கள் எழுதிய கதைகளையும் கட்டுரைகளையும் படித்துவிட்டு, தன் கருத்தைப் போனில் பேசி வாசகிகள் குழுவுக்கு அனுப்புவாள். பத்துக்கு இத்தனை என்று மார்க்கும் உண்டு. குழுவில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். வெளியே சலித்துக்கொண்டாலும் உள்ளூர அதில் பெருமைதான்.

அன்றைக்கு முதலில் ஒரு கட்டுரைத் தொகுப்பு. தனியாக வாழும் ஒரு பெண் வாடகை வீடு தேடி அலைந்த கதை. "சிரிச்சுக்கிட்டே படிச்சேன், மூடி வச்சப்புறம்தான் கோவம் வந்துச்சு. எட்டு மார்க்" என்றாள். அடுத்தது சிறுகதைகள். "எல்லாக் கதையும் மழையிலதான் முடியுது. எழுதின அக்கா ஒரு குடை வாங்கிக்கிட்டா தேவலை. அஞ்சு."

மூன்றாவது ஒரு நாவல். படித்தபோதே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதில் வரும் அம்மா ஒருநாள் காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டை விட்டுப் போகிறாள். புருஷன் குடிக்கிறவன் இல்லை, கை நீட்டுகிறவனும் இல்லை. இன்னொருத்தன் யாரும் கூப்பிடவில்லை. சும்மா போகிறாள், சில மாதம் கழித்து வந்து அடுப்பைப் பற்றவைக்கிறாள்.

எந்தப் புத்தகத்தில் அம்மா வந்தாலும் தன் அம்மாவைப் பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்ப்பது ஜட்ஜம்மாவின் வழக்கம். இதுவரை ஒரு நாவலம்மாவும் அந்த உயரத்துக்கு வந்ததில்லை.

"நம்பவே முடியல தோழிகளே. பெத்தவ எவளாவது காரணமே இல்லாம போவாளா? எங்கம்மாவையே எடுத்துக்குங்க. நான் மூணாவது படிக்கிறப்ப வயித்துல ஆபரேஷன், மாசக்கணக்கா வெளியூர் ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. அந்தப் படுக்கையிலயும் என் நினைப்புதான்னு அப்பா சொல்வார். உனக்காகத்தான் பொழச்சு வந்தேன்னு அம்மா இன்னிக்கும் சொல்வாங்க. அம்மான்னா அது. இந்த நாவலுக்கு ரெண்டு மார்க், அதுவும் அட்டைப் படத்துக்கு."

அலமாரிக் கதவு முழுசாகத் திறந்தது. அம்மா நின்றிருந்தாள். முன்னறையில் தையல் மெஷின் போட்டு இன்றும் அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுக்கிறவள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"அதை நிறுத்து."

"இன்னும் முடிக்கலம்மா."

"நிறுத்துன்னேன்ல."

நிறுத்தினாள். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அவளுக்கு ரெண்டுன்னா எனக்கும் ரெண்டுதான். நீ வேலைக்குப் போனப்புறம் அந்த புக்கை நானும் படிச்சேன்."

ஜட்ஜம்மா சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

"நான் எந்த ஆஸ்பத்திரியிலயும் படுக்கலடி. யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியில மெஷின்ல உக்காந்திருந்தேன். நாலு பொம்பளைங்களோட ஒரே ரூம். ஆபரேஷன்னு கதை கட்டினது உங்கப்பா. நான் வந்தப்புறம் அதையே நானும் புடிச்சுக்கிட்டேன்."

"விளையாடாதம்மா. தழும்பு?"

"என்னிக்காவது பாத்திருக்கியா?"

ஒரு குப்பி ரத்தத்தை வைத்துக்கொண்டு முன்பின் தெரியாதவர் உடம்பில் என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பவள், இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் தன் அம்மாவின் தழும்பைப் பார்த்ததே இல்லை. மூன்றாம் வகுப்பில், அம்மா பிழைக்க வேண்டும் என்று வகுப்பையே கண்ணை மூடிக் கும்பிட வைத்தவள் அவள். அந்தப் பிள்ளையை நினைக்க அவமானமாக இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"அப்பா அடிச்சாரா?"

"சே, நல்ல மனுஷன்டி. போய்ச் சேர்ந்தவரைப் பத்தி அப்படியெல்லாம் பேசாத."

"வேற யாராவது..."

"வாயைக் கழுவு."

"அப்போ எதுக்குப் போன?"

"பஸ் வந்துச்சு, ஏறிட்டேன். எதுக்குன்னு அன்னிக்கும் தெரியல, இன்னிக்கும் தெரியல. எழுதினவ காரணம் சொல்லலன்னு நீ குத்தம் சொல்ற. சொல்ல ஒண்ணு இருந்தாத்தானே அவ சொல்லுவா?"

கத்த வேண்டும் போலிருந்தது அவளுக்கு. அம்மாவின் முகத்தில் வருத்தமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. இனி கேட்க ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அதற்கு மட்டும் சரியான பதில் வந்துவிட்டால் மற்றதை எல்லாம் எப்படியாவது விழுங்கிவிடலாம் என்று நினைத்தாள்.

"சரி, திரும்பி வந்தியே. என் ஞாபகம் வந்துதானே வந்த?"

அம்மா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"காய்ச்சல் வந்துச்சு. கூட இருந்தவளுங்க எல்லாம் வேலைக்குப் போயிட்டாங்க. வெந்நீர் வச்சுக் குடுக்க ஆளில்ல. வந்துட்டேன்."

"காய்ச்சல் வரலன்னா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னா தெரியாதுதான். அங்க நல்லா தூங்கினேன். உன்னை நினைச்சேன், நினைக்காம இல்ல. நினைச்சுட்டும் தூங்கினேன்."

ஜட்ஜம்மா தரையில் சரிந்து உட்கார்ந்தாள். தலை நரைக்கத் தொடங்கிவிட்ட வயதில், பள்ளிவிட்டு வந்து பூட்டிய கதவைத் தட்டுகிற பிள்ளையைப் போல அழுகை வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"உனக்காகத்தான் வந்தேன்னு ஒரு பொய்யாவது சொல்லக் கூடாதாம்மா?"

அம்மா கீழே இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"முப்பது வருஷமா அதைத்தானேடி சொல்லிட்டிருந்தேன்."