கறுப்பு வரிகள்

நாஜியா அந்த அறிக்கையில் எழுதியது ஒரே வரி: ‘சர்வரிலிருந்து வெளியேறும் தரவு கேபிளில் சிதைகிறது.’ மேரு ஊரில் இருந்த அந்தக் குளிர்கிடங்கில் லோகனின் ஆறு வருட வேலையைத் தீர்த்துக்கட்ட அது போதுமானதாக இருந்தது.

லோடிங் பகுதியில் ஸ்கேனர்கள் அடிக்கடி உறைந்து நிற்கின்றன என்று புகார் வந்தபோது, அவள் சர்வர் முன்னால் உட்கார்ந்து அதன் வழியே போகும் தரவுப் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தாள். வெளியே போகும் ஒவ்வொன்றும் கறுப்பு வரியாக வந்து விழுந்தது. சரிபார்ப்பு எண் தவறு, சரிபார்ப்பு எண் தவறு என்று பக்கம் பக்கமாக. வழியில் தரவு கெட்டுப்போனால் அந்த எண் பொருந்தாது என்று படித்திருந்தாள். வழி என்றால் கேபிள். கேபிள் என்றால் லோகன். ரவாங்கிலிருந்து பழைய வேனில் வந்து, கூரைக்கு மேல் ஊர்ந்து ஊர்ந்து, அத்தனை கேபிளையும் ஒற்றை ஆளாக இழுத்துக் கட்டிய ஒப்பந்தக்காரர்.

இன்று காலை செமினி கிளையின் சர்வரைப் பார்க்க நேர்ந்தது. அங்கே ஸ்கேனர் ஒருநாளும் நின்றதில்லை. லோகன் அங்கே கால்வைத்ததும் இல்லை. ஆனாலும் அதே கறுப்பு வரிகள்.

தேடித் தேடிப் படித்தாள். அந்த எண்ணைக் கணினி எழுதுவதே இல்லை. டிரைவர் என்ற மென்பொருள் அந்த வேலையை நெட்வொர்க் கார்டிடம் தள்ளிவிடுகிறது. கார்டு கடைசி நொடியில் எழுதி வெளியே அனுப்புகிறது. அவள் பிடித்த நகல்களோ அதற்கும் முந்தியவை. தபால்தலை ஒட்டுவதற்கு முன்பே கடிதத்தைப் படமெடுத்துவிட்டு, தபால்தலையைக் காணோம் என்று தபால்காரரைக் காட்டிக்கொடுத்திருக்கிறாள்.

“போஸ், என் ரிப்போர்ட் தப்பு,” என்றாள் மேலாளர் கமலநாதனிடம்.

அவர் மைலோவை ஆற்றிக்கொண்டிருந்தார். “எந்த ரிப்போர்ட்?”

“லோகன் அண்ணே கேபிள். சர்வர்ல ஒரு செட்டிங்க ஆஃப் பண்ணிட்டுத் திரும்பப் பிடிச்சா தெரிஞ்சிடும். ஒரு நிமிஷம்தான் லைன் கட்டாகும்.”

“வெளிய பதினோரு லோரி நிக்குது. ஒரு நிமிஷமாம்! சர்வரத் தொட்ட, நீயும் அவன்கூட வேன்ல ஏறிக்க.”

“அப்போ லோடிங் பக்கம், கேபிளோட அந்த முனையில லேப்டாப்ப வச்சுப் பிடிக்கறேன். அங்க எண் சரியா வந்து சேந்தா, கேபிள் நல்ல கேபிள்தானே?”

“பிடி, பிடி. மூணு மணிக்குப் புது ஆளுங்க கேபிள மாத்திடுவாங்க. நாலுக்கு லோகன் கேட் பாஸ திருப்பிக் குடுக்க வரான். அதுக்குள்ள என்ன வேணும்னாலும் பிடிச்சுக்கலா.”

அப்போது மணி ஒன்று. கேபிள் வந்து சேரும் லோடிங் பகுதியின் நெட்வொர்க் சுவிட்ச், தன் வழியே போவதற்கெல்லாம் ஒரு நகலை லேப்டாப்புக்கு அனுப்பும்படி அமைத்தாள். திரையில் அவள் லேப்டாப்பின் பாக்கெட்டுகள் மட்டும் வந்தன. வேறு எதுவும் வரவில்லை. லேப்டாப்பின் கார்டு, வாசலில் காவல் நிற்கும் ஜாகாவைப் போல, தன் பெயருக்கு வந்ததை உள்ளே விட்டு மற்றதையெல்லாம் துரத்தியது. எல்லாவற்றையும் விடு என்று பாக்கெட் பிடிக்கும் மென்பொருள் சொன்னது. டிரைவர் சரி என்று தலையாட்டியது. ஒன்றும் நடக்கவில்லை.

டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டாள். பட்டியலிலிருந்து கார்டே காணாமல் போனது. கணினியை அணைத்துத் திறந்தாள். கார்டு வந்தது, பழைய பிடிவாதத்தோடு.

ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு முகுந்தன் எட்டிப் பார்த்தான். “என்னா நாஜியா, ஒரு மணி நேரமா என்ன பிடிக்கற, பேயா?”

“பாக்கெட்.”

“சாப்பிடற நாசி லெமாக் பாக்கெட்டா இருந்தா எனக்கும் ரெண்டு பிடி.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அலுவலகத்துக்கு ஓடி, இழுப்பறைகளைக் கிளறி, ஒரு யுஎஸ்பி அடாப்டரைக் கண்டெடுத்து வந்தாள். அதன் டிரைவர் பாக்கெட்டுகளில் பாதியைத் தவறவிட்டது. கடைசியில், மூன்று வருடத்துக்கு முந்தைய டிரைவர் ஒன்றை எங்கோ தேடி இறக்கி, லேப்டாப் கார்டுக்கே போட்டாள்.

திரை நிரம்பியது. மணி இரண்டு நாற்பது. சர்வரிலிருந்து வந்த ஒவ்வொரு வரியிலும் எண் சரியாக இருந்தது. ஆயிரம், இரண்டாயிரம், ஒரு கறுப்பும் இல்லை. நாஜியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“லோகன் அண்ணே கேபிள் நல்ல கேபிள்!” என்றாள் சத்தமாக.

“அது ஏது இப்ப?” என்றான் முகுந்தன். “நீ ஆபீஸுக்கு ஓடினப்பவே மாத்திட்டானுங்களே. புதுச நேத்தே இழுத்து வச்சிருந்தானுங்க, லோரி கம்மியானதும் சீக்கிரம் முடிச்சுட்டானுங்க.”

அவள் நிமிர்ந்து சுவிட்சைப் பார்த்தாள். அதில் செருகியிருந்தது நீலக் கேபிள். லோகனின் சாம்பல்நிறக் கேபிள் துண்டு துண்டாக வெட்டப்பட்டுக் குப்பைத்தொட்டியில் கிடந்தது.

கமலநாதன் திரையைப் பார்த்து மகிழ்ந்துபோனார். “பாத்தியா, புதுக் கேபிள் எவ்ளோ கிளீன்! இத ரிப்போர்ட்ல சேத்துடு.”

“ஸ்கேனர் இப்பவும் நிக்குது போஸ். செமினியிலயும் அதே கறுப்பு வரி வருது.”

“ஸ்கேனர் வேற கேஸ்லா. செமினிய செமினிக்காரன் பாத்துப்பான்.”

நாலு மணிக்கு லோகன் வந்து கேட் பாஸைக் கொடுத்துவிட்டு வேனுக்குத் திரும்பினார். நாஜியா லேப்டாப்போடு பின்னாலேயே ஓடினாள்.

“அண்ணே, உங்க கேபிள்ல ஒரு தப்பும் இல்ல. நான்தான் தப்பா பாத்துட்டேன்.”

லோகன் சிரித்தார். “இருந்துச்சும்மா. நாலு நாளா வீட்ல படுத்துக்கிட்டு ஒவ்வொரு எடமா நெனச்சுப் பாத்தேன். மூணாம் நம்பர் ரூமுக்கு மேல, அவசரத்துல வளைச்சு இழுத்துட்டேன். அதான். இப்பதான் என் தப்புதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.”

“அது ஒண்ணும் செஞ்சிருக்காதுண்ணே! இங்க பாருங்க, இது செமினி சர்வர். நீங்க போகவே போகாத எடம். அங்கயும் இதே கறுப்பு.”

அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, அந்த வரிகளை நெடுநேரம் பார்த்தார்.

“அங்கயும் எவனோ என்னை மாதிரி அவசரத்துல இழுத்திருக்கான்,” என்றார்.

நாஜியா கார்டு என்றாள், டிரைவர் என்றாள், தபால்தலை என்றாள். அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகத் தலையாட்டினார்.

“நல்ல பொண்ணும்மா நீ. ஆறுதலுக்கு இவ்ளோ சொல்ற.” வேனின் கதவைத் திறந்தார். “இனிமே மேல ஏறினா கை நடுங்கும். ஏணிய நேத்தே மச்சான்கிட்ட குடுத்துட்டேன்.”

“நான் எழுதித் தரேண்ணே! என் தப்புன்னு எழுதித் தரேன்!”

வேன் நகர்ந்தது. அவள் விடைகொடுப்பதாக நினைத்துக்கொண்டு அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினார்.