வெறும் காகிதம்

சபை மூப்பர் அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்காரப் போவதைப் பார்த்ததும் அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அதுல வேண்டாம் ஐயா. அந்தப் பக்கம் ஸ்டூல் இருக்கு பாருங்க."

பாதி குனிந்துவிட்ட மனுஷர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி நிமிர்ந்தார். ஸ்டூலைத் தேடிப் போய் ஒடுங்கி உட்கார்ந்தார். சபையில் அவர் எழுந்து நின்றால் குழந்தைகள்கூட அழுகையை நிறுத்தும். வெண்கலத் தொண்டை என்று அவருக்குப் பட்டப்பெயரே உண்டு. அந்தத் தொண்டை இன்றைக்குக் கம்மிப் போயிருந்தது. இந்த வீட்டுக்குள் அவர் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. வாசல் கேட் வரைக்கும் முன்பு ஒரு தடவை வந்திருக்கிறார். அதை அவர் மறந்திருக்கலாம். அவள் மறக்கவில்லை.

விஷயத்தை அவர் சுற்றி வளைத்துத்தான் சொன்னார். மகள் புருஷனை விட்டு வந்து மூன்று வருஷம் ஆகிறதாம். வெளியூர்க் கோர்ட்டில் விவாகரத்தும் ஆகிவிட்டதாம். இப்போது ஒரு வண்டி மெக்கானிக் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்கிறானாம். பையன் நல்லவன்தான், ஆனால் எந்தக் கோயிலுக்கும் போகாதவன். முதல் புருஷன் உயிரோடு இருக்கும்போது சபையில் கல்யாணம் நடக்காது. அதனால் பதிவு அலுவலகம். பதிவு அலுவலகம் என்றால் முப்பது நாள் அறிவிப்பு. மணமகள் பெயர், தகப்பன் பெயர், முந்தின கல்யாணம் எப்படி முடிந்தது, எல்லாம் அந்தக் காகிதத்தில் இருக்கும். அதை ஒட்டுகிற கண்ணாடிப் பலகையோ வாசலிலேயே இருக்கிறது. சபைக்கு வருகிற பாதிப் பேர் பஸ் ஏறுவது அந்த வாசலில்தான்.

"உள்ளே இன்னொரு போர்டு இருக்காமே, மகளே," என்றார் மூப்பர்.

மகளே! அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குக் கோபம் உச்சி வரை ஏறியது. பதினான்கு வருஷமாக எங்கே போயிருந்தாள் இந்த மகள்?

"ஆபீஸ் விஷயத்தை ஆபீஸ்ல பேசிக்கலாம் ஐயா," என்றாள்.

அவர் போனபிறகு ஒரே சட்டைக் கையை மூன்று தடவை தேய்த்தாள். கோபத்தில் இல்லை. பொய் சொல்வானேன், சந்தோஷத்தில்தான்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் சபைப் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். புருஷன் காறை எலும்பை உடைத்த மறுநாள், கட்டுப் போட்ட கையோடு அம்மா வீட்டுக்கு வந்தாள். பிறகு கோர்ட்டுக்குப் போனாள். நீதிபதி பத்து நிமிஷத்தில் தீர்த்துவைத்ததைச் சபை தீர்க்க மறுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்தில் மூப்பர் எழுந்து அவள் பெயரை வாசித்தார். ஒழுங்கு நடவடிக்கை. புருஷனிடம் திரும்பும்வரை பாடகர் குழுவில் இடமில்லை, திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் இல்லை. இப்படிப் பெயர் வாசிப்பது அந்தச் சபையின் வழக்கம். வாசிப்பது எப்போதும் மூப்பர்தான். எழுதிக்கொடுத்ததோடு நிற்காமல் அன்றைக்கு அவர் தன் சொந்தச் சரக்கையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார்.

"கோர்ட்டு குடுக்கிறது வெறும் காகிதம். கடவுள் போட்ட முடிச்சைக் காகிதம் அவிழ்க்காது."

அவளை அடித்தவன் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டினான். அவன் பெயரை யாரும் வாசிக்கவில்லை. அடிப்பதற்கு அங்கே ஒழுங்கு நடவடிக்கை கிடையாது.

அதுகூடப் போகட்டும். அடுத்த வருஷம் அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. படுத்தால் மூச்சு முட்டும். இரவும் பகலும் அந்தப் பிரம்பு நாற்காலியில்தான். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுக்கச் சொல்லி. போதகர் அப்பத்தையும் கிண்ணத்தையும் சின்னப் பெட்டியில் எடுத்துக்கொண்டு வந்தார். கூட வந்த மூப்பர் கேட்டுக்கு வெளியிலேயே அவரை நிறுத்திவிட்டார். மகள் வீட்டை விட்டுப் போனால்தான் உள்ளே வருவோம் என்றார்.

"அவ போனா எனக்கு யாருங்க தண்ணி குடுப்பா?" என்று அம்மா நாற்காலியிலிருந்தபடியே கேட்டாள்.

அவர்கள் பெட்டியைத் திறக்காமலே திரும்பினார்கள். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அம்மா முகம் கழுவித் தலை சீவிக்கொள்வாள். நாற்காலியைக் கேட்டைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொல்வாள். மனசு மாறி வந்துவிட்டால்? ஒன்பது ஞாயிற்றுக்கிழமை அப்படிக் காத்திருந்தாள். பத்தாவது ஞாயிற்றுக்கிழமைக்கு அம்மா இல்லை.

அன்றிலிருந்து அவளுக்குக் கடவுளோடு பெரிய சண்டை எதுவும் கிடையாது. பேச்சுவார்த்தையும் கிடையாது. மூப்பரோடுதான் தீர்க்க வேண்டியது பாக்கி இருந்தது. பரீட்சை எழுதிப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

அங்கே பதிவாளர் சாமி பூதம் என்று எதையும் நம்பாதவர். அதை நாளைக்கு நாலு தடவை சொல்லவும் செய்வார். இந்த ஆபீஸில் சட்டம்தான் சாமி, அதுக்கு ஏழை பணக்காரன் தெரியாது என்பார். சொல்லிவிட்டு, வேண்டியவர்களின் அறிவிப்புகளை ஆவண அறைக்குள் ஒட்டச் சொல்வார். அங்கே கதவுக்குப் பின்னால் ஒரு பலகை. கதவைத் திறந்தால் பலகை மறைந்துவிடும். சட்டப்படி ஒட்டியாயிற்று, யார் கண்ணிலும் படாது. வேண்டாதவர்கள் எல்லாம் வாசல் கண்ணாடிக்குள். கதவுக்குப் பின்னால் போகிற காகிதங்களை ஒட்டிய கை அவளுடையதுதான், அந்த வெட்கம் அவளுக்கு உண்டு.

அன்றைக்கே பதினொரு மணிக்கு மூப்பர் ஆபீஸுக்கு வந்தார், மகளோடும் மெக்கானிக்கோடும். பதிவாளர் எழுந்தே நின்றுவிட்டார். சபை நடத்துகிற பள்ளிக்கூடத்தில் அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் இடம் வாங்கிக்கொடுத்தது மூப்பரின் கடிதம்.

"ஐயா நமக்கு வேண்டியவர்மா. உள்ளே ஒட்டிடு."

"ஒட்டிடறேன் சார். உள்ளே ஒட்டச் சொல்லி ஃபைல்ல ஒரு வரி எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க."

பதிவாளருக்கு இருமல் வந்தது. திறந்த பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். விதி என்ன சொல்லுதோ அப்படிச் செய், என்னை ஏன் கேட்கிறே என்று முனகிவிட்டு யாருக்கோ ஃபோன் போடப் போனார். சட்டமாகிய சாமி அன்றைக்கு அந்த அறையில் இல்லை.

மூப்பர் மேசைப் பக்கம் குனிந்தார். பழசையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார். முப்பது நாள்தானே, அது கழிந்தால் இவர்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள், மகள் புருஷனோடு போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று சபையில் சொல்லிக்கொள்ளலாம், அது பொய்யும் இல்லையே என்றார். அதற்குள் வெளியே தெரிந்தால் மகள் பெயரையும் வாசிக்க வேண்டிவரும்.

"நான்தான் வாசிக்கணும்," என்றார். கண் கலங்கியிருந்தது.

இந்தக் கண்ணீருக்காகத்தான் பதினான்கு வருஷம் காத்திருந்தாள். இனித்தது. இரக்கம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள், வரவில்லை.

"ஐயா, நீங்கதானே சொன்னீங்க, கோர்ட்டு குடுக்கிறது வெறும் காகிதம்னு? இதுவும் வெறும் காகிதம்தான். எங்க ஒட்டினா என்ன?"

மூப்பர் மகள் பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் அவள் அந்தப் பெண்ணை நன்றாகப் பார்த்தாள். இடது புருவத்தை ஒரு தழும்பு இரண்டாகப் பிரித்திருந்தது. ஒரு காலத்தில் பாட்டு நோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடிய வாண்டு. காகிதத்தில் இருக்கப்போவது இந்தப் பெண்ணின் பெயர், ஊர் வாயில் விழப்போவது இவள். கையிலிருந்த குண்டூசி டப்பாவை அவள் கீழே வைத்தாள். கிழவரை அடிக்க ஓங்கிய கை இவள் மேல் விழுமானால் தன்னை அடித்தவனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்?

"பேரு உன்னுதும்மா. நீ சொல்லு. உள்ளேன்னா நானே என் பொறுப்புல ஒட்டிடறேன், ஒருத்தருக்கும் தெரியாது."

மூப்பர் மகளின் கையைப் பிடித்து அமுக்கினார். மகள் மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு அப்பா உங்க பேரை வாசிச்சப்ப நான் முன் பெஞ்சுல இருந்தேன் அக்கா. எனக்குப் பதினஞ்சு வயசு. கல்யாணமான முதல் மாசமே அவன் அடிச்சான். அஞ்சு வருஷம் வாயத் திறக்கலை. அடிக்குப் பயந்து இல்ல. என் பேரை வாசிச்சிடுவாங்கன்னுதான்." அப்பாவின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. "வாசல்ல ஒட்டுங்க. நட்டநடுவுல ஒட்டுங்க. எல்லாரும் படிக்கட்டும்."

மெக்கானிக் தன் பங்குக்கு, எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிசாப் போட முடியுமாங்க என்று கேட்டான். முடியாது, அச்சடித்த படிவம் என்று அவள் சொன்னாள். வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் அந்த மேசையில் அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் மற்றவர்கள் பார்த்தார்கள்.

கண்ணாடிக்குள் நட்டநடுவில், ஆள் நின்றால் கண்ணுக்கு நேராக, நாலு மூலைக்கும் குண்டூசி குத்தி ஒட்டினாள்.

மறுநாள் காலை எட்டரைக்கே மூப்பர் வாசலில் நின்றிருந்தார். பலகைக்கு முதுகைக் கொடுத்து, செய்தித்தாளை இரண்டு கையாலும் அகலமாக விரித்து, படிப்பதுபோல நின்றார். உயரமான மனுஷர். அவர் நின்றால் காகிதம் மறைந்துபோகும். பஸ்ஸுக்கு வந்த சபையார் கைகூப்பி ஸ்தோத்திரம் சொன்னார்கள். அவரும் செய்தித்தாளை இறக்காமலே ஸ்தோத்திரம் சொன்னார். யார் யார் பெயரையோ ஊருக்கு வாசித்துக்காட்டிய ஆள் ஒரு பெயரை யாரும் வாசிக்காமல் இருக்கக் காவல் நின்றார். மத்தியானம் வரை நின்றார், சாப்பிடப் போகவில்லை. இரண்டாம் நாளும் நின்றார். மூன்றாம் நாள் கால் மாற்றி மாற்றி நின்றார். விரட்டிவிடட்டுமா என்று கடைநிலை ஊழியர் கேட்டபோது, பாவம், இருந்துட்டுப் போகட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். அந்தப் பாவத்தில் துளி ஈரம் கிடையாது.

நாலாம் நாள் அவருடைய முழங்கால்கள் வெளிப்படையாகவே நடுங்கின. வியர்வை சட்டைக் காலரை நனைத்திருந்தது. விட்டுவிட்டுப் போனால் பலகை அம்மணமாக நிற்கும், நின்றால் விழுந்துவிடுவார்.

ஐந்தாம் நாள் அவள் பிரம்பு நாற்காலியோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டிருந்தான், எடுத்தாள். தூசி தட்டி, பலகைக்குக் கீழே சுவரை ஒட்டி, தெருவைப் பார்த்துப் போட்டாள்.

"உக்காருங்க ஐயா. பாவம், எத்தனை நேரம்தான் நிப்பீங்க."

மூப்பர் நாற்காலியைப் பார்த்தார். தலைக்கு மேலே காகிதத்தைப் பார்த்தார். உட்கார்ந்தால் அது அவர் தலைக்கு ஒரு சாண் மேலே நிற்கும் என்பது அவருக்கும் தெரிந்தது.

"அன்னைக்கு உக்காரவேண்டாம்னு சொன்னேன்ல, அதே நாற்காலிதான்," என்றாள் அவள், மிக மரியாதையாக. "எங்கம்மா இதுல உக்காந்துதான் ஒன்பது ஞாயிற்றுக்கிழமை உங்களுக்காகக் காத்திருந்தாங்க. காத்திருக்க வசதியா இருக்கும். உங்களுக்கு இன்னும் இருபத்தஞ்சு நாள் இருக்கு."

அவர் நாற்காலியின் கையைப் பிடித்தார். நின்றுதான் பார்த்தார், பிடிவாதமாக, இன்னும் ஒரு ஐந்து நிமிஷம். பிறகு முழங்கால் அவரைக் கேட்காமலே மடங்கியது. பிரம்பு கிரீச்சென்றது. செய்தித்தாள் மடியில் விழுந்தது.

ஒன்பது மணி பஸ்ஸுக்குப் போதகரின் மனைவி இரண்டு பெண்களோடு வந்தாள். மூப்பரைக் கண்டதும் ஸ்தோத்திரம் சொன்னாள். இங்கே எதுக்கு உட்கார்ந்திருக்கீங்க, உடம்புக்கு முடியலையா என்று கேட்டாள். மூவரின் கண்களும் மெதுவாக அவர் தலைக்கு மேலே ஏறின.

அவள் உள்ளே போய்த் தன் மேசையில் உட்கார்ந்து, அன்றைக்குக் கல்யாணம் பதிய வந்தவர்களின் பட்டியலில் முதல் பெயரை உரக்க வாசித்தாள்.