நாற்பது குதிரை

கைகுலுக்குவதற்கு முன்னால் எப்படியாவது கோபம் வந்துவிட வேண்டும் என்று எலியாம் காத்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு வந்தால் ஒன்றுக்கும் ஆகாது. இந்தக் கரையில் வழக்கம் அப்படி. ஒருவனுடைய கவனக்குறைவால் இன்னொரு வீட்டில் சாவு விழுந்தால், பிழை செய்தவன் ஈடு கொடுக்க வேண்டும். ஈடு கைமாறியதும் ஊர் பார்க்க இரண்டு பேரும் கைகுலுக்க வேண்டும். குலுக்கியாயிற்றென்றால் முடிந்தது. அப்புறம் அந்தப் பேச்சை எடுப்பவன்தான் குற்றவாளி. குடித்துவிட்டு உளறினாலும் சரி, பன்றி ஒன்று தண்டம்.

இன்று சாயங்காலம் கைகுலுக்கல். இன்னும் கோபம் வந்தபாடில்லை. அழுகையும் வரவில்லை. மனைவி ஜொய்லினைப் புதைத்த நாளிலிருந்து எலியாமுக்கு எதுவுமே வரவில்லை. யாராவது சாப்பிட்டாயா என்று கேட்டால்தான் பசியே நினைவுக்கு வந்தது.

நடந்தது இதுதான். ஊர் மருந்தகத்துக்கு ஒரு ஃபைபர் படகும், பதினைந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்றும் உண்டு. எலியாம்தான் ஓட்டுநர். பையன்கள் படகைக் கிளப்பிக்கொண்டு பந்தாட்டம் பார்க்கப் போய்விடுகிறார்கள் என்று கமிட்டி கூடியது. பெட்ரோல் குழாயைக் கழற்றிப் பொறுப்பான ஆள் ஒருவரிடம் கொடுத்து வைப்பது என்று தீர்மானம் போட்டது. பொறுப்பான ஆள் என்றால் ஊரில் ஹவோமைதான். அவரோ, வீட்டில் வைத்தால் எவனாவது திருடிவிடுவான் என்று, போகிற இடமெல்லாம் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டே போவார். பொறுப்பு அந்த அளவுக்கு!

ஜொய்லினுக்கு வலி கண்டு, ரத்தம் நிற்காமல் போன அன்று, குழாய் ஹவோமையின் தோளில் ஏதோ ஒரு மலைத்தோட்டத்தில் இருந்தது. எந்தத் தோட்டம் என்று அவர் பெண்டாட்டிக்கே தெரியவில்லை. ஊரில் வேறு குழாய் கிடையாது. மற்ற படகுகள் மீனுக்குப் போயிருந்தன. ஆள்மேல் ஆள் அனுப்பி, அவரைப் பிடித்து, குழாயை மாட்டிப் படகைத் தள்ளும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எதிர்காற்று வேறு. நர்ஸையும் மாமியாரையும் நிறைமாதக்காரியையும் இழுத்துக்கொண்டு அந்தப் பதினைந்து குதிரை ஊர்ந்தது. பாறைமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. அவுகி டவுன் ஆஸ்பத்திரிக்கு இன்னும் எவ்வளவோ தூரம். மகளின் தலையை மடியில் வைத்திருந்த மாமியார், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"இனிமே மெதுவாவே போப்பா."

எலியாம் மோட்டாரைக் குறைத்தான். அவ்வளவுதான். அவளும் போனாள், வயிற்றில் இருந்ததும் போயிற்று.

ஊர்த் தலைவர் தீர்ப்புச் சொன்னார். ஜொய்லின் பிறந்த வீட்டுக்கு, இந்தக் கரையில் பணமாகச் செல்லும் சிவப்புச் சங்குமணி மாலைகள். புருஷனுக்கு ஒரு புது மோட்டார். எது வேண்டும் என்று அவனே பார்த்து எடுத்துக்கொள்ளலாம். கொடுக்கிற ஹவோமை வாயைத் திறந்து பேரம் பேசக்கூடாது. சங்குமணி அன்றைக்கே போய்விட்டது. மோட்டாருக்குத்தான் இன்று விடிகாலையில் மருந்தகத்துப் படகிலேயே பழைய மோட்டாரை ஓட்டிக்கொண்டு மூன்று பேரும் அவுகிக்கு வந்திருந்தார்கள். எலியாம், ஹவோமை, ஜொய்லினின் அண்ணன் கெல்டன்.

கடைக்காரி லோ அக்கா மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"வாங்க வாங்க. மோட்டாரு யாருக்கு? பணப்பையைக் கட்டிப் பிடிச்சிட்டிருக்கிற பெரியவருக்கா, மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கிற தம்பிக்கா?"

"இவனுக்கு. ஈட்டு மோட்டாரு" என்றான் கெல்டன்.

லோ அக்காவின் சிரிப்பு அப்படியே அடங்கியது. ஈட்டு மோட்டார் அவள் இதற்கு முன்பும் விற்றிருக்கிறாள். ஒரு ஸ்டூலை இழுத்து எலியாம் பக்கம் தள்ளினாள். அவன் உட்காரவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மரச்சட்டத்தில் வரிசையாக மோட்டார்கள் தொங்கின. பதினைந்து, முப்பது, நாற்பது, அறுபது. இந்தத் தீவில் ஒருத்தரும் குதிரையைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் மோட்டார் என்று வந்துவிட்டால் வாயைத் திறந்தாலே குதிரைதான்.

"டூ ஸ்ட்ரோக்கே எடுத்துக்க தம்பி" என்றாள் லோ அக்கா. குரல் இறங்கியிருந்தது. "ஃபோர் ஸ்ட்ரோக்கு சத்தம் போடாது, பெட்ரோலும் கம்மியாக் குடிக்கும். ஆனா படுத்துக்கிச்சுன்னா என்கிட்டதான் தூக்கிட்டு வரணும். டூ ஸ்ட்ரோக்கை ஒரு ஸ்பேனரும் ரெண்டு கெட்ட வார்த்தையும் இருந்தா கரையிலயே சரி பண்ணிரலாம். ஷாஃப்டு நீளமா, குட்டையா?"

"நீளம்" என்றான் எலியாம். "பின்பலகை உசரம்."

மோட்டாரைப் பற்றிக் கேட்டால் அவன் வாய் தானாகப் பதில் சொல்லிவிடும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும். அவன் அங்கே இருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை.

"எதுக்கு இவ்ளோ யோசனை? அறுபதை எடு" என்றான் கெல்டன்.

"பெட்ரோல் யாரு ஊத்தறது மச்சான்?"

"பெட்ரோலாம் பெட்ரோலு! போனது என் தங்கச்சிடா. அவளுக்கு ஈடா முப்பது குதிரை, நாப்பது குதிரைன்னு தூக்கிட்டுப் போனா எங்க ஆளுங்க என் மூஞ்சில காறித் துப்புவாங்க."

ஹவோமை கடைக்குள் வரவே இல்லை. வாசலில் மஞ்சள் பிளாஸ்டிக் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். பன்றிகளை விற்று, மரம் விற்று, சொந்தக்காரர்கள் காலிலெல்லாம் விழுந்து சேர்த்த பணம் அது.

"உள்ள வந்து உக்காருங்க பெரியவரே" என்றாள் லோ அக்கா.

"வேணாம்மா. அவன் எதைத் தொடறானோ அதைக் குடு."

எலியாம் போய் அறுபதைத் தொட்டான். மூடி குளிர்ச்சியாக இருந்தது. அறுபது என்றால் ஹவோமை வீட்டுக் கூரைத் தகரத்தையும் கழற்றி விற்க வேண்டிவரும். அது எலியாமுக்குத் தெரியும். தெரிந்துதான் தொட்டான். கையை எடுக்காமலே திரும்பி வாசலைப் பார்த்தான். வா, இப்போதாவது வந்து தொலை என்று தன் கோபத்தை உள்ளுக்குள் கூப்பிட்டான். இந்தக் கிழவனைப் பார். இவன் தோளில் கிடந்த குழாயைப் பார். இவனைப் பார்த்தும் உனக்கு வரவில்லையா?

ஹவோமை பையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். இழுக்க இழுக்க முடிச்சு இறுகிக்கொண்டே போயிற்று.

"அப்படிப் போடு!" என்றான் கெல்டன்.

எதுவும் வரவில்லை. எலியாம் கையை எடுத்துவிட்டான்.

"இது நம்ம படகுக்குக் கனம். பின்பக்கம் உக்காந்துரும். நாப்பதைக் குடுங்க அக்கா."

இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. அந்தப் படகுக்கு நாற்பதுதான் பொருத்தம், அவ்வளவுதான். கெல்டன் வாயிலிருந்த வெற்றிலையை வாசலில் துப்பினான்.

"நீயெல்லாம் ஒரு புருஷனா? பொண்டாட்டி செத்ததுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியா? என் தங்கச்சி ஒரு கல்லைக் கட்டிக்கிட்டு வாழ்ந்திருக்கா. நீங்களே போய்க் கைகுலுக்குங்க, நான் வரல!"

தெருவில் இறங்கிப் போயே விட்டான். அவன் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று எலியாமுக்குத் தோன்றியது.

துறையில் எலியாமும் ஹவோமையும் பழைய மோட்டாரைக் கழற்றி முன்பக்கம் கிடத்தினார்கள். புதியதைத் தூக்கி மாட்டினார்கள். லோ அக்கா கரைவரை கூடவே வந்துவிட்டாள்.

"முதல் ரெண்டு டேங்குக்கு எண்ணெய் கூடக் கலந்து ஊத்து. பாதிக்கு மேல முறுக்கிராத தம்பி. புது மோட்டாரு, பழகணும். முறுக்கிட்டு, பிஸ்டன் சிராய்ச்சிருச்சுன்னு வந்து நின்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"சரி அக்கா."

படகு நிதானமாகப் போயிற்று. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. ஹவோமை முன்பலகையில் அவனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காலிப் பையை நான்காக மடித்து மடியில் வைத்திருந்தார்.

"நல்லா ஓடுதுப்பா."

"ம்."

"சத்தமும் நல்லாத்தான் இருக்கு."

"ம்."

கொஞ்ச தூரம் போனபின் அவர் மறுபடி வாயைத் திறந்தார். "ஒரு வார்த்தை நீ என்னைத் திட்டலையே தம்பி."

எலியாம் தண்ணீரையே பார்த்தான்.

"சாயங்காலத்துக்கு அப்புறம் நீ நினைச்சாலும் திட்ட முடியாது. இப்பத் திட்டிரு. இங்க யாரு இருக்கா? அடிக்கணும்னா அடி. நான் வெளிய சொல்ல மாட்டேன்."

எலியாம் நிஜமாகவே தேடிப் பார்த்தான். பாத்திரத்தைக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பதுபோலத் தேடினான். ஒன்றும் விழவில்லை.

"குழாயை நீங்க வச்சுக்கணும்னு கமிட்டியில நானும்தானே கை தூக்கினேன் மாமா" என்றான், இன்று காற்று எந்தப் பக்கம் என்று சொல்கிற குரலில்.

"அது வேற, இது வேற."

"ம்."

ஹவோமை முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்டு வாங்காமல் கைகுலுக்குவது அவருக்கு ஈட்டைவிடப் பெரிய தண்டனையாக இருந்தது. அதுகூட எலியாமுக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆள் அவனுக்குள் இல்லை.

பாறைமுனை வந்தது. அதே இடம்தான். நீட்டிக்கொண்டிருக்கும் பாறையும், அதன்மேல் வளைந்து நிற்கும் ஒற்றைத் தென்னையும். பக்கத்தில் போனபோது எலியாமின் கை பிடியை முழுக்க முறுக்கியது. ஏன் முறுக்கினான் என்று யாராவது கேட்டிருந்தால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

படகின் முகம் எழுந்தது. ஹவோமை முன்னால் சரிந்து, பலகையை இரண்டு கையாலும் பிடித்தார். மடியிலிருந்த பை பறந்து கடலில் விழுந்தது.

"தம்பி! புது மோட்டாரு! மெதுவா! மெதுவாப் போப்பா!"

எலியாம் குறைக்கவில்லை. பிஸ்டன் சிராய்த்தால் சிராய்க்கட்டும். நாற்பது குதிரையும் ஒரே வீச்சில் ஓடின. தண்ணீர் படகில் தட்டுகிற சத்தம்கூட நின்று, மோட்டாரின் அலறல் மட்டும் இருந்தது. கரையோரக் காடு கட்டுக்கட்டாகப் பின்னால் போயிற்று. ஒரு வளைவு, ஆற்றுவாய், இன்னொரு வளைவு. அப்புறம் தேவாலயத்துக் கூரை தெரிந்தது, கரை தெரிந்தது. எலியாம் பிடியை விட்டான். படகு தன் போக்கில் வழுக்கிக்கொண்டு போய் மணலில் ஏறியது.

கரையில் எதுவும் தயாராக இல்லை. அவர்களைச் சாயங்காலம்தான் எதிர்பார்த்திருந்தார்கள். பன்றியை இன்னும் அடுப்புக்குழியில் இறக்கவில்லை, குழியில் போடும் கல்லே சூடேறவில்லை. தலைவர் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தார். இலை நறுக்கிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி கத்தியோடு எழுந்து நின்று கத்தினாள்:

"என்ன அதுக்குள்ள வந்துட்டீங்க? போகவே இல்லியா?"

எலியாம் படகிலிருந்து இறங்கினான். முழங்கால் தண்ணீரில் நின்று திரும்பிப் பார்த்தான். பாறைமுனை அதோ தெரிந்தது. ஒற்றைத் தென்னையும் தெரிந்தது.

"மாமா" என்றான். "பாறைமுனை இவ்வளவு கிட்டவா இருக்கு?"

படகின் விளிம்பைப் பிடித்தபடி ஹவோமையும் அதையே பார்த்தார்.

"இவ்வளவு கிட்டவா மாமா?"

இரண்டாம் முறை கேட்டபோது குரல் அவனை மீறி ஏறியது. கோபம்தான் வந்துவிட்டது என்று எலியாம் முதலில் நினைத்தான். அது கோபமில்லை. கோபமாக இருந்தால் நிற்க முடிந்திருக்கும். அவன் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டான். அலை மார்பில் அடித்தது. ஜொய்லின் செத்துப்போய்விட்டாள். அந்தப் பாறைமுனையைத் தாண்டி அவளால் போக முடியவில்லை. இத்தனை நாள் எல்லோரும் சொன்னபோது தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டவனுக்கு அது இப்போதுதான் தெரிந்தது.

ஆட்கள் ஓடி வந்தார்கள். தலைவர் தலை ஈரத்தோடு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். அவருக்கு இது என்ன நிலைமை என்று விளங்கவில்லை. ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். மோட்டார் வந்துவிட்டது, ஊர் கூடிவிட்டது. கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"ஈடு வந்துருச்சா எலியாம்?"

எலியாம் மோட்டாரைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"அப்ப விஷயம் முடிஞ்சுதா?"

ஹவோமை தண்ணீரில் இறங்கி வந்து, குனிந்து, கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடிக்க எலியாமுக்கு மனத்தடை எதுவும் இல்லை. பிடித்துவிட்டால் எல்லோரும் சாப்பிடப் போவார்கள். அப்புறம் ஜொய்லினைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

"கொஞ்சம் இருங்க" என்றான் தலைவரைப் பார்த்து. வாயைத் திறந்ததும் விம்மல் வெடித்தது. "இப்பத்தான் தலைவரே... எனக்கு இப்பத்தான்..."

தலைவர் யோசித்தார். பிறகு மணலில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஹவோமை மட்டும் நீட்டிய கையை மடக்காமல் தண்ணீரிலேயே நின்றுகொண்டிருந்தார்.