கீழிருந்து வெட்டிய மதிப்புரை

மதிப்புரையின் பின்பாதியைக் காணவில்லை. சிவகாசி அச்சகத்தின் கணினி அறையில் நின்றபடியே யோகேஸ்வரி திருத்தப்படியை இரண்டு முறை படித்துப் பார்த்தாள். தொழிலாளர்களின் நெற்றியில் பட்டை கட்டி, அவர்கள் நினைப்பதையெல்லாம் முதலாளி திரையில் படிக்கும் ஆலையைப் பற்றிய தொலைக்காட்சி அறிவியல் புனைவுத் தொடர் ஒன்றுக்கு அவள் எழுதிய மதிப்புரை அது. தொடரின் ஆறாம் அத்தியாயத்தைப் பற்றி அவள் எழுதியதில் புகழ்ச்சி மட்டும் எஞ்சியிருந்தது. அடியில் அவள் பெயர்.

நவீன இலக்கியத் திறனாய்வில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவள் அவள். எதிர்த்தரப்பை அதன் முழு வலுவோடு எடுத்துச் சொன்ன பிறகே மறுக்க வேண்டும் என்பதை விடாப்பிடியாகக் கைக்கொண்டிருந்தாள். ஆகவே, தொழிலாளர்கள் வாய் திறக்காமலே அவர்கள் குறைகள் தீரும் அந்த ஆலைக்காக முதல் பாதி முழுவதும் அவளே வாதாடியிருந்தாள். மறுப்பு அதற்குப் பின்னால் இருந்தது.

“அண்ணே, மிச்சம் எங்க?”

பக்கம் வடிவமைக்கும் முனியராஜ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “காலைல அரைப் பக்க விளம்பரம் ஒண்ணு வந்துச்சு, தங்கச்சி. மேட்டர் மிஞ்சுனா கீழருந்துதான் வெட்டுவோம். கோயில் கொடை நோட்டீசுன்னாலும் அப்படித்தான். முக்கியமானத எல்லாரும் மேலதான எழுதுவாக?”

“நான் கீழ எழுதியிருக்கேன்.”

“அது எனக்கு எப்படித் தெரியும்? நீங்க நெத்தியில பட்ட எதுவும் கட்டிட்டு வரலையே.”

மதிப்புரை வரவிருந்த சிற்றிதழின் ஆசிரியர் இராமகிருஷ்ணன் குடும்பத்தோடு இருக்கன்குடி கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போயிருந்தார். நான்கு முறை அழைத்தும் எடுக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு இயந்திரம் காலண்டர் ஆர்டருக்குப் போய்விடும். பிறகு தை பிறக்கும்வரை சிற்றிதழுக்கு இடமில்லை.

“அப்ப என் பேர எடுத்துருங்க.”

“ஐயா வந்து என்னையத்தான வைவாரு. ஒண்ணு செய்ங்க. இருபத்திரண்டு வரிக்கு எடம் இருக்கு. எந்த இருபத்திரண்டுன்னு நீங்களே சொல்லிருங்க. பத்து நிமிசந்தான்.”

இரு பாதியிலும் சமமாகக் குறைக்கப் பார்த்தாள். வாதமும் நொண்டியது, மறுப்பும் நொண்டியது. பின்பாதியின் நடுவில் அத்தை பாலம்மாளின் பேச்சு இருந்தது. தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் அத்தை அந்த அத்தியாயத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது: “போர்மேன மனசுக்குள்ள வைஞ்சுக்கிட்டேதான் பொழுத ஓட்டுறேன். அதையும் அந்தாளு படிச்சுட்டா நான் எங்கிட்டுப் போயி வைய?” அவளுடைய மறுப்பு முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களின் மேல்தான் நின்றது. அவற்றை விட்டால் எழுதவே வேண்டியதில்லை.

ஒரு வாரம் எடைபோட்டு எழுதிய முதல் பாதியைப் பத்தி பத்தியாக அழித்தாள். கதைச் சுருக்கமாக மூன்று வரி மிஞ்சியது.

முனியராஜ் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். “காலைல எம்புட்டுப் பதவிசா இருந்துச்சு. இப்பச் சண்டைக்கு நிக்கிற மாதிரில்ல இருக்கு.”

“தெரியுதுண்ணே. அந்த விளம்பரத்தக் கொஞ்சம் சுருக்க முடியாதா?”

“அதுல கை வைக்க முடியாது, தங்கச்சி.”

எதிர்த்தரப்பைக் கேளாமல் தீர்ப்பளித்தவள் என்று துறையில் எவரேனும் எழுதுவார்கள். பிறருடைய மதிப்புரைகளைப் பற்றி அவளே அப்படி எழுதியிருக்கிறாள். அதற்குப் பதில் சொல்லியிருக்கக்கூடிய முதல் பாதிப் பத்திகள் இந்த அறையோடு போகப்போகின்றன.

மணி பதினொன்று ஐம்பது. அச்சிடலாம் என்று திருத்தப்படியில் கையெழுத்துப் போட்டாள். அழுத்திய அழுத்தலில் தாள் கிழிந்தது.

“இன்னொண்ணு எடுத்துத் தாரேன், இருங்க” என்றான் முனியராஜ்.