வெட்டின ஒயர்

நாள் தள்ளிப்போய்ப் பத்து நாளாயிற்று. இரண்டாவது பெண் பிறந்த கையோடு கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவளுக்கு இதில் என்ன பயம் என்று கேட்கலாம். பயமே அதுதான்.

மூன்று தெரு தள்ளி, முகம் தெரியாத மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கும் அட்டை வாங்கினாள். வேலை பார்க்கும் சலவைக்கடையின் கழிவறையில் சோதித்துப் பார்த்தாள். இரண்டு கோடு. கதவைத் தாழ் போட்டிருக்கிறோமா என்று மறுபடியும் பார்த்துக்கொண்டாள்.

புருஷன் எலக்ட்ரீஷியன். நல்லவன்தான், ஆனால் நல்லவனுக்குச் சந்தேகம் வர எவ்வளவு நேரமாகும்? ஆபரேஷன் பேச்சு வந்தாலே, "வெட்டின ஒயர்ல கரண்ட் வருமா?" என்று சிரிப்பான். போதாக்குறைக்கு நாத்தனார் வேறு. போன மாதம்தான் யாரோ ஒருத்தியைப் பற்றி, "ஆபரேஷன் பண்ணிக்கிட்டவ வயித்துல புள்ளைன்னா, அது அவ வீட்டுக்காரனோடதாவா இருக்கும்?" என்று காய் நறுக்கிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள். பக்கத்தில் இருந்த புருஷன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அதனால் இவள் வாயைத் திறக்கவில்லை. அடிவயிற்றில் இடப்பக்கம் சுருக்கென்று குத்தத் தொடங்கியபோதும் திறக்கவில்லை. நாலாம் நாள், இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே விட்டுவிட்டுத் தரையில் சுருண்டாள். சட்டை கருகிய நாற்றம் பிடித்துத்தான் முதலாளியம்மா ஓடிவந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "கரு குழாய்லயே தங்கிடுச்சும்மா. எப்ப வேணா வெடிக்கலாம். உடனே ஆபரேஷன் பண்ணணும். ரத்தம் குடுக்க ஆள் வேணும், வீட்டுக்காரர் எங்க?"

"அவரு வேணாம் டாக்டர்."

"நான் அப்பவே போன் பண்ணிட்டேனே," என்றாள் முதலாளியம்மா.

சாவுக்குக்கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை.

சட்டைப் பையில் டெஸ்டரோடு அவன் வந்து நின்றான். டாக்டரம்மா சொல்லச் சொல்ல அவன் முகம் இறுகியது.

"வெட்டிக் கட்டினதுதானே டாக்டர்? அப்புறம் எப்படி?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அபூர்வமா முனை ரெண்டும் மறுபடி சேர்ந்துக்கும். இதுல யார் மேலயும் தப்பில்ல."

அவள் கண்ணைத் திறந்தபோது, அவன் தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கரண்ட் இல்லாத ஒயர் என்று நம்பித் தொட்டதில் சுட்டு, வருஷக்கணக்காய் ஆறியும் மறையாத தழும்பு அங்கே இருந்தது. பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டான்.

"என் ரத்தம் சேருமான்னு பாருங்க டாக்டர்."

தள்ளுவண்டி கிளம்பியது. பிடித்துக்கொண்டே கூட நடந்தவன், அவள் பக்கம் குனிந்தான்.

"நாலு நாளா வலியாமே. ஏன்டி சொல்லல? என்னைப் பாத்தா பயமா?"

"ஆமா," என்றாள்.

வண்டியைப் பிடித்திருந்த கை நழுவியது. அவன் அங்கேயே நின்றுவிட்டான். வண்டி மட்டும் உள்ளே போனது.